கிணறு மூடப் போன மகளுக்கு

அபி,

போனில் நாம் பேசுவதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், அந்த ஊர்க் காரம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று நான் கேட்கிறேன். நீ பதில் சொல்லி முடிப்பதற்குள் யாரோ உன்னைத் தெலுங்கில் கூப்பிடுகிறார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. ஊரில் யாரும் கேள்விப்படாத ஒரு படிப்பின் மேல் ஆசை வைத்துவிட்டு, அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் யாராவது படித்தாலும் சரி. அந்த அம்மாக்கள் படித்தால் இன்னும் நல்லது.

இப்போது மத்தியானம். கீழ்வேளூர்ப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது, இங்கே வெயில். நீ ரயிலேறிய அன்று வாய்க்காலில் ஈரம் மட்டும்தான் இருந்தது. இப்போது கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. உழுது போட்ட வயலெல்லாம் தண்ணீர் நின்று, வானம் கீழே இறங்கிப் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. நாற்று இன்னும் பறிக்கிற பதத்துக்கு வரவில்லை. இந்த இடைப்பட்ட நாட்களில் எனக்கு எந்த வேலையும் செய்யத் தோன்றாது, உனக்குத் தெரியும். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மேலிருந்து ஒரு கொக்கு இறங்கும், தண்ணீருக்குள்ளிருந்து இன்னொரு கொக்கு ஏறி வரும், இரண்டும் காலோடு கால் வைத்து நிற்கும். காற்று அடித்தால் கீழே இருப்பது மட்டும் கலைந்து போகும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் பொழுது போவதே தெரிவதில்லை.

உன் அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து நம் நிலத்தையும் பக்கத்தில் குத்தகைக்கு எடுத்ததையும் நான்தான் பார்க்கிறேன். தனியாகப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். உன் பெரியப்பா இருந்தார். பாகம் பிரித்தபோது மேலண்டை வயல் அப்பாவின் அண்ணனான அவருக்கும், கீழண்டை வயல் நமக்குமாக வந்தது. அவர் வயலைத் தாண்டித்தான் நமக்குத் தண்ணீர் வர வேண்டும். எந்த ரகம் போடலாம், எப்போது களை எடுக்கலாம், டிராக்டர்காரனிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையெல்லாம் அவரைக் கேட்டுத்தான் செய்தேன். அவருக்கு இரண்டும் பையன்கள், இருவரும் திருப்பூரில். பெண் பிள்ளை இல்லாத குறையை உன்னை வைத்துத்தான் தீர்த்துக்கொண்டார். சைக்கிள் ஓட்ட உனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். நீ விழுந்தபோது என்னைவிட அதிகமாகப் பதறியதும் அவர்தான்.

நம் கொல்லையிலிருந்து பார்த்தால், வயல்களுக்கு அப்பால் அந்த எண்ணெய்க் கிணறும், உச்சியில் எப்போதும் தீ எரிகிற இரும்புக் கம்பமும் தெரியும். நீ பிறப்பதற்கு முன்பே வந்தது அது. அதிலிருந்து போகிற குழாய் பெரியப்பாவின் வயலுக்கு அடியில்தான் புதைந்து கிடக்கிறது. நாட்டுக்கு நல்லது என்று சொன்னார்கள், விட்டார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சாயங்காலம் ஆனால் அந்தத் தீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாய். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பாய். மண் என்பேன். அதற்குக் கீழே? தண்ணீர். அதற்கும் கீழே? எனக்குத் தெரியாது. போய்ப் பாடத்தைப் படி என்று அனுப்பிவிடுவேன். நீ போக மாட்டாய். மார்கழிப் பனியில் அந்தத் தீ தரையைத் தொடாமல் ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும். உன் முகத்தில் அந்த நிறம் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். அவ்வளவு தூரத்திலிருந்து வெளிச்சம் வராது என்பது தெரிந்தும் தோன்றும்.

நீ உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோது இன்னும் பல கிணறுகள் தோண்டப் போவதாகப் பேச்சு வந்தது. வேண்டாம் என்று ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன். பெரியப்பாதான் முன்வரிசையில் இருந்தார். போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, பொழுது சாய்ந்ததும் விட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் குரல் கட்டிப்போயிருந்தது. நீ வெந்நீர் வைத்துக் கொடுத்தாய்.

அதற்குச் சில வருஷம் கழித்து, கவுன்சலிங் விண்ணப்பம் போட நாமிருவரும் திருவாரூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிற மார்க் உனக்கு இருந்தது. வேளாண்மை எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ முதல் இடத்தில் பெட்ரோலியம் இன்ஜினியரிங் என்று போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். கடைக்காரப் பையன் கூடத் திரும்பிப் பார்த்தான். ஏன் என்று கேட்டேன். பெரிய காரணம் ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். ஊரைக் காப்பாற்றப் படிக்கிறேன் என்று சொல்லியிருந்தால், பந்தலில் உட்கார்ந்தவர்களிடம் சொல்ல எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீ அப்படி எதுவும் சொல்லவில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றாய். அவ்வளவுதான்.

அந்தப் பதிலை நான் பல நாள் மனசுக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை. வேலைக்குப் போன இடத்தில் உன்னிடமும் காரணம் கேட்பார்கள், பெண் பிள்ளை எதற்கு இந்த வேலைக்கு வந்தாய் என்று. அப்போது பெரிய காரணம் எதையும் தேடிக் கஷ்டப்படாதே. திருவாரூரில் சொன்னதையே சொல். அது போதும்.

பெரியப்பா மறுநாளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், காபியைத் தொடவில்லை. உன்னைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். "இந்தாம்மா, ஊரே வேண்டாங்குற வேலைக்கு நம்ம வீட்டுப் பொண்ணு போகணுமா? நாளைக்கு கிணறு தோண்டணும்னு என் வயல்ல வந்து இவளே அளந்து கல்லு நட்டா நான் என்ன செய்யறது?" நீ ஏதோ சொல்ல வந்தாய். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அதன் பிறகு அவர் நம் வீட்டுக்கு வரவில்லை, நம்முடன் பேசவும் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் வந்த வருஷமெல்லாம், அவர் வயல் நிறைந்ததும் நம் பக்கத்து மடையைத் தானாகத் திறந்துவிடுவார். நான் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் நம் வயலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், அவர் தூரத்தில் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருப்பார். கோபத்தில் இருக்கும்போதும் தண்ணீரை மறிக்காத மனிதர். அதனால்தான் என்னால் அவர் மேல் கோபப்பட முடியவில்லை.

நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது உன் கல்லூரிக்கு வந்தேன் அல்லவா, அந்த நாள் எனக்கு இன்னும் ஒரு கனவு மாதிரிதான் இருக்கிறது. ஆய்வகத்தில் நீளமான மரப்பெட்டிகளில் உருளை உருளையாகக் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். பூமிக்குள் துளை போடும்போது எடுத்ததாம். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாய். அதில் நகக்கண் அளவுக்கு ஒரு கிளிஞ்சல் ஒட்டியிருந்தது. இது நம் பக்கத்துக் கல்தான் என்றாய். நம் வயலுக்குக் கீழே, களிமண்ணுக்கும் மணலுக்கும் கீழே, நினைக்கவே முடியாத ஆழத்தில் ஒரு பழைய கடலின் தரை கிடக்கிறது, மனிதர்களே இல்லாத காலத்துக் கடல் என்றாய். நான் அந்தக் கிளிஞ்சலைத் தடவிப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பிறகு கேன்டீனில் உட்கார்ந்தபோது, எண்ணெய் கீழே குளம் மாதிரி கிடக்கிறதா என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு, தட்டிலிருந்த சாம்பார் இட்லியைக் காட்டினாய். "இட்லிக்குள்ள சாம்பார் எப்படி இருக்கு? அப்படித்தாம்மா கல்லுக்குள்ள எண்ணெய் இருக்கு." அன்றைக்கு நான் இட்லியை வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் களத்துமேட்டு வேப்ப மரத்தடியில் கண்ணசந்தேன். கனவில் நம் வயலுக்குக் கீழே கடல் இருந்தது. கதிர் முற்றிய பயிரின் வேர்கள் கூரையிலிருந்து தொங்குகிற மாதிரி தொங்கின. அதற்கிடையில் மீன்கள் மெதுவாகப் போய்வந்தன. நீ அங்கே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய், உன் தலைமுடி தண்ணீரில் அசைந்தது. மேலே நான் நடக்கிற காலடிச் சத்தம் உனக்குக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. விழித்தபோது பயமே இல்லை. அன்று முதல் வரப்பில் நடக்கும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் காலை வைக்கிறேன்.

படிப்பு என்றால் கிளிஞ்சலும் கல்லும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வருஷக் கோடை லீவில்தான் மற்றதும் தெரிந்தது. பயிற்சிக்காக, கிணறு தோண்டுகிற ஒரு ரிக்குக்குப் போயிருந்தாய். அத்தனை ஆண்களுக்கு நடுவே நீயும் இன்னொரு பெண்ணும். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக வீட்டுக்கு வந்து படுத்தாய். நான் இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே அழுதேன். நீ தூக்கக் கலக்கத்தில், அந்த இயந்திரம் இரும்புக் குழாயை எப்படித் தூக்கி நிறுத்துகிறது தெரியுமா என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உனக்கு நான் சொல்கிற புத்திமதிகளில் இதுதான் முதன்மையானது. எந்த இடத்துக்குப் போனாலும் கழிப்பறை எங்கே என்று முதலில் கேள். தலையில் ஹெல்மெட் மாட்டுவதற்கு முன்னால் கேள். இல்லையென்றால் ஏற்பாடு செய்யச் சொல். உனக்குப் பின்னால் வருகிற பெண் அதைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகும்.

மூன்றாம் வருஷ மார்கழி லீவில் நீ வீட்டில் இருந்தாய். சம்பா பால் பிடித்திருந்த நேரம். காலையில் பனி விலகும்போது ஒரு வாடை வந்தது. பெட்ரோல் பங்க்கில் வருகிற வாடை, ஆனால் இன்னும் கனமாக. நீ காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினாய். நானும் பின்னால் வந்தேன். பெரியப்பாவின் வயல் நடுவே தரையிலிருந்து கறுப்பாக ஊற்று மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. கதிர்களின் அடியில் எண்ணெய் பரவி, அதன் மேல் வெயில் பட்டு, மயில் கழுத்து நிறமெல்லாம் மின்னியது. அவ்வளவு கெட்ட காரியம் அவ்வளவு அழகாக இருந்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வரப்பில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பெரியப்பா இடுப்பளவு பயிருக்குள் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கையில் மண்வெட்டியோடு நின்றார்.

அன்றைக்குத்தான் நீ படித்ததை நான் கண்ணால் பார்த்தேன். யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம், மோட்டார் எதையும் போட வேண்டாம் என்று முதலில் சொன்னாய். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எல்லோரையும் அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளி நிற்க வைத்தாய். அங்கிருந்தே எண்ணெய்க் கம்பெனிக்குப் போன் செய்து, எந்த இடத்தில் கசிகிறது என்று சொல்லி வால்வை மூடச் சொன்னாய். பிறகு எண்ணெய் வாய்க்காலுக்குப் போகாமல் இருக்க மடையை அடைக்க வேண்டும் என்றாய். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியப்பா போய் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்தார். அடைத்துவிட்டு நிமிர்ந்து, உன்னைப் பார்த்துக் கேட்டார்.

"கீழண்டை மடையையும் அடைக்கணுமா?"

அது நம் வயலுக்குத் தண்ணீர் வருகிற மடை. உன்னிடம் அவர் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நீ "ஆமா பெரியப்பா, அதையுந்தான்" என்றாய். பிறகு எல்லோருமாக வைக்கோல் கட்டுகளை அவிழ்த்து எண்ணெய் மேல் போட்டோம். வைக்கோல் அதைக் குடித்துக் கறுத்தது.

வெயில் ஏறியதும் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். சின்னக் கசிவுதான், சாயங்காலத்துக்குள் சுத்தம் செய்துவிடுவோம் என்று சொன்னார்கள். நீ அவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்க ஆரம்பித்தாய். குழாயை எப்போது கடைசியாகச் சோதித்தீர்கள், மண்ணை எத்தனை அடி ஆழம் வரை எடுப்பீர்கள், எடுத்த மண்ணை எங்கே கொண்டு போவீர்கள். அவர்களில் மூத்தவர் உன்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். நீ கல்லூரி பேரைச் சொல்வாய் என்று நினைத்தேன். அந்தக் கம்பெனியிலேயே அடுத்த கோடையில் உனக்குப் பயிற்சி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லியிருந்தாலும் பேச்சு சுலபமாக முடிந்திருக்கும்.

"இந்த வயல்காரரோட பொண்ணு" என்றாய்.

பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையைத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நல்லபடியாக முடிந்த கதையாக எழுத எனக்கு ஆசைதான். அப்படி முடியவில்லை. குழாயை மாற்றினார்கள், மண்ணை வெட்டிக்கொண்டு போனார்கள், வேறு மண் கொண்டுவந்து போட்டார்கள். அடுத்த போகத்தில் அந்த இடத்தில் பயிர் மற்ற இடத்தைவிட உயரமாக, கரும்பச்சையாக நின்றது. பார்த்தவர்களெல்லாம் தப்பித்தோம் என்றார்கள். கதிரைக் கசக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, அத்தனையும் பதர். உனக்குச் சொல்லியிருந்த பயிற்சியும் வரவில்லை. இடம் நிரம்பிவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அன்று வயலில் பேசியதால்தானா, உண்மையிலேயே இடம் இல்லையா, நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை மனதில் வைத்துக் கசந்துகொண்டிருக்காதே. அன்று நீ பார்த்ததைப் பார்த்தபடி கேட்டாய். அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே. சம்பளம் கொடுக்கிறவர்கள் வேறு மாதிரி பார்க்கச் சொல்வார்கள். ஊர் இன்னொரு மாதிரி பார்க்கச் சொல்லும். இரண்டு பேரும் உன்னவர்கள்தான், ஆனால் கண் உன்னுடையது.

கடைசி வருஷம்தான் உனக்குக் கஷ்டமான வருஷம். கேம்பஸ் இண்டர்வியூவுக்கு வந்த கம்பெனிகளே குறைவு. வந்தவற்றில் சில, ரிக் வேலைக்குப் பையன்கள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டன. உன்னுடன் படித்தவர்கள் ஒவ்வொருவராக மென்பொருள் பக்கம் போனார்கள். சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்து, இனி எல்லாம் கரண்டில் ஓடுகிற வண்டிதானாமே, உன் பெண் என்ன செய்வாள் என்று கேட்டார்கள். கேட் தேர்வுக்குப் படிக்கிறாள் என்பேன். அது என்ன தேர்வு என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது. ஒரு நாள் நீ போன் செய்து ஒன்றுமே பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாய். களையெடுக்கிற பெண்கள் பாடுவது உனக்குக் கேட்கட்டும் என்று போனை அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து உன் அப்பா அன்று சாயங்காலம் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அவ நம்மகிட்ட வேலை கேக்கலையே, கொஞ்சம் பொழுது கேக்கறா, குடுப்போம்" என்றார்.

பிறகு ஒரு மத்தியானம் நீ கூப்பிட்டபோது உன் குரல் வேறாக இருந்தது. வெளியிலிருந்து யாரோ ஒரு பொறியாளர் வந்து பாடம் நடத்தினாராம். சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு, பாதிப்பேர் தூங்கிவிட்டார்களாம். எண்ணெய் எடுத்து முடித்த பழைய கிணறுகளை என்ன செய்வது என்பதுதான் பாடம். "அம்மா, தோண்டறதுக்கு இருக்கற அளவு ஆளு மூடறதுக்கு இல்லையாம்மா" என்றாய். சும்மா மண்ணைப் போட்டு மூடுகிற வேலை இல்லை என்று விளக்கினாய். எண்ணெய் வருகிற ஆழத்தில் சிமெண்ட் இறக்க வேண்டும், நல்ல தண்ணீர் ஓடுகிற மட்டத்துக்குக் கீழே இன்னொரு முறை இறக்க வேண்டும், ஒரு சொட்டு மேலே வரவில்லை என்று சோதிக்க வேண்டும், கடைசியில் குழாயைத் தரைக்குக் கீழே அறுத்துவிட்டு மேலே மண் போட வேண்டும். சரியாக மூடிவிட்டால் நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் அது தூங்கும் என்றாய். பேரப்பிள்ளைகள் என்று உன் வாயால் வந்ததை நான் கவனித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல், நான் பாயசம் வைக்கிறேன்.

அந்த வேலையே செய்கிற கம்பெனியின் இண்டர்வியூவில் பாதிக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று நீ சோர்ந்து போயிருந்தாய். ஆனால் எண்ணெய் கசிந்த வயலைப் பற்றி நீ சொன்னபோது, அங்கிருந்த ஒரு பெண் அதிகாரி, அடுத்த போகத்தில் அந்த இடத்தில் என்ன விளைந்தது என்று கேட்டாராம். இதுவரை யாருமே அதைக் கேட்டதில்லை என்று என்னிடம் சொன்னாய். பதர் என்பதற்கு ஆங்கில வார்த்தை தெரியாமல், உமி மட்டும் இருக்கும், உள்ளே அரிசி இருக்காது என்று கையால் காட்டினாயாம். அவர்கள்தான் உன்னை எடுத்துக்கொண்டார்கள். கோதாவரி டெல்டாவில் வேலை. அங்கேயும் ஆறு கடலில் சேருகிற இடம், அங்கேயும் வாய்க்கால், தென்னை, நெல். நம் ஊரைத் தண்ணீரில் பார்த்த மாதிரி ஓர் ஊருக்கு நீ போகிறாய் என்று எனக்குத் தோன்றியது.

நான் மேலண்டை வயலுக்குப் போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். அபிக்கு வேலை கிடைத்திருக்கிறது, எண்ணெய்க் கிணறுகளை மூடுகிற வேலை என்றேன். அவர் களைக்கொத்தை வைத்துவிட்டு அந்த எரிகிற கம்பத்தைப் பார்த்தார். "நம்ம ஊருது எப்ப மூடுவாங்களாம்?" என்று கேட்டார். அதெல்லாம் அவள் கையில் இல்லை என்றேன். தெரியும் என்கிற மாதிரி தலையாட்டினார். நீ கிளம்பிய அன்று அவர் ஸ்டேஷனுக்கு வராதது உனக்கு வருத்தம் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் கசிந்த அன்று வயலில் பேசியதெல்லாம் வேலை நேரத்துப் பேச்சு. வீட்டுப் படியேறி வருவதற்கு அவருக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டியிருந்தது.

நேற்றுச் சாயங்காலம் வந்தார். வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டு, கூப்பிடும் வரை காத்திருந்து உள்ளே வந்தார். கையில் முருங்கைக்காய் ஒரு கட்டு. நீ இருக்கிற பக்கத்து ராஜமுந்திரிக்கு இங்கிருந்து நேராக ரயில் இருக்கிறதா என்று கேட்டார். சென்னை போய் மாற வேண்டும் என்றேன். தை அறுப்பு முடிந்ததும் போய்வரலாமா என்றார். அந்தப் பக்கம் என்ன ரகம் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம், அவர்கள் அரிசி நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். நான் சிரிக்காமல் தலையாட்டினேன். பிறகு முருங்கைக்காயின் கட்டை அவிழ்த்துக்கொண்டே, அவ மூடின கிணத்த நமக்குக் காட்டுவாளா என்று கேட்டார்.

மூடிய பிறகு காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது, வெறும் தரைதான் இருக்கும், அதன் மேல் அந்த ஊர்க்காரர்கள் நெல் போட்டிருப்பார்கள் என்று நீ எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன்.

"அதத்தாம்மா நான் பாக்கணும்" என்றார்.

தையில் வருகிறோம். லீவு கேட்டு வை.

அம்மா